எவ்வளவு மாற்றலாம் என்று கேட்ட மதியம்

மதியம் சாப்பிட்டதும் எனக்கு அரைத்தூக்கம் வந்துவிடும். டிசம்பரில் எங்கள் கலிஃபோர்னியா ஊரான சான் ரமோனைச் சுற்றியுள்ள குன்றுகள் முதல் மழைகளில் நனைந்து பச்சை கட்டியிருக்கும். அந்தப் பச்சையைப் பார்த்தபடியே சோபாவில் சரிந்துவிடுவேன். அப்படி ஒரு மதியத்தில்தான் என் கணவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எவ்வளவு கன்வெர்ட் பண்ணலாம்னு நீயே சொல்லு."

அந்த வருஷத் தொடக்கத்தில் அவருக்கு வேலை போயிருந்தது. சம்பளம் இல்லாததால் வருமான வரியில் குறைந்த விகிதமுள்ள கீழ் அடுக்குகள் காலியாகக் கிடந்தன. இத்தனை காலம் வரி கட்டாமல் ஓய்வுக்காகச் சேர்த்த பணத்தை, இப்போது குறைந்த வரி கட்டி ராத் என்ற ஓய்வூதியக் கணக்குக்கு மாற்றிவிட்டால், பின்னால் எடுக்கும்போது வரி இல்லை. அரிசியைத் தலைதட்டி அளப்பதுபோல, அடுத்த அடுக்குக்கு வழியாமல் நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். ஆனால் மாற்றினால் மாற்றியதுதான், திருப்ப முடியாது. வருஷம் முடியப் பத்து நாள் இருந்தது.

அவர் எண்களை வாசிக்க வாசிக்க நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் குரலில் வரி விகிதம்கூடத் தாலாட்டுதான். பாதித் தூக்கத்தில் இருந்தபோது அந்த ஒரு கேள்வியில் வந்து நின்றார்.

"இங்கயே இருக்கறதா இருந்தா அடுக்கு ரொம்பற வரைக்கும் இந்த வருஷமே முழுசா மாத்திடலாம். கோயமுத்தூர் போறதா இருந்தா மாத்தவே வேண்டாம். கலிஃபோர்னியாவுக்கு எதுக்கு தண்டத்துக்கு வரி கட்டணும்? அங்க ராத்துக்குச் சலுகை உண்டான்னு ரெண்டு ஆடிட்டர் ரெண்டு விதமா சொல்றாங்க."

போவதா, இருப்பதா! இருபத்தாறு வருஷமாக நாங்கள் அடுத்த வருஷம் போய்விடுவோம். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் ஒவ்வொரு பொங்கல் பாட்லக்கிலும் அதைச் சொல்லாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. போகப்போகிறவர்களுக்கு எதற்கு என்று இந்த வீட்டு ஜன்னல்களுக்கு நல்ல திரைச்சீலைகூட வாங்கியதில்லை, பழைய போர்வையைத்தான் வெட்டி மாட்டியிருந்தோம். யாராவது இப்படி வாழ்வார்களா? நாங்கள் வாழ்ந்தோம்.

மூடிய கண்ணுக்குள், திரும்பிப் போய் இருக்கவென்று நாங்கள் வாங்கிப் போட்டிருந்த கோயமுத்தூர் பிளாட் வந்தது. பால்கனியில் அவர் பனியனோடு நின்று கீழே போகிறவரைச் சத்தமாகக் கூப்பிடுகிறார். அங்கே போனால் அவர் வேறு ஆள், குரல்கூட உயர்ந்துவிடும். நானோ செருப்பை மாட்டுவதற்குள் எங்கே கிளம்பிட்டே என்று மூன்று பேர் கேட்பார்கள். அன்பாகத்தான் கேட்பார்கள். இங்கே சும்மா காரை எடுத்துக்கொண்டு மலைச்சாலையில் போவேன், ஒரு மரத்தடியில் நிறுத்தி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். அந்த ஒரு மணி நேரத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. இதை ஒருநாளும் அவரிடம் சொன்னதில்லை.

"முழுசா மாத்திடுங்க" என்றேன், கண்ணைத் திறக்காமலே.

கீபோர்டுச் சத்தம் நின்றது.

"அப்ப நாம போகலையா?"

இருபத்தாறு வருஷத்தில் அவர் அதைக் கேள்வியாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"எனக்கு இங்கதான் இருக்கணுங்க."

பாதி மாற்றலாம் என்று சொல்லியிருக்கலாம். போவதற்கும் இருப்பதற்கும் நடுவில் இன்னும் பல வருஷம் ஓட்டியிருக்கலாம். அவர் சண்டை போடுவார் என்று காத்திருந்தேன், போட்டால் நானும் விட்டுக்கொடுக்காமல் மல்லுக்கு நிற்பேன் என்று இருந்தது. அவர் எண்ணை அடித்தார், இரண்டு தரம் சரிபார்த்தார், பட்டனை அழுத்திவிட்டு லேப்டாப்பை மூடினார்.

சாயங்காலம், அங்கே விடிந்த பிறகு, அவர் தம்பிக்கு போன் போட்டார். நான் அடுப்படியில் காபி கலந்துகொண்டிருந்தேன்.

"பிளாட்ட வித்துடலாம்டா" என்றார். அந்தப் பக்கம் தம்பி ஏதோ கேட்டிருக்க வேண்டும்.

"இல்லடா, உங்க அண்ணிக்கு அங்க வரணும்னுதான் ஆசை. எனக்குத்தான் இங்கயே பழகிப்போச்சு."