மைமூனம்மாளின் சனிக்கிழமை

சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓடும் தெருவில் குடியிருந்துகொண்டு வீடியோ எடுக்க நினைப்பவருக்குப் பொறுமை மட்டும் போதாது, கொஞ்சம் கிறுக்கும் வேண்டும். திங்கள் விடிந்தால் சனி அடைகிற வரை தறிச் சத்தத்தில் சுவரே அதிரும். பக்கத்தில் இருப்பவரிடம் உப்பு கேட்பதற்குக்கூடத் தொண்டை கிழியக் கத்த வேண்டும். பாஜிலாவுக்குப் பொறுமை, கிறுக்கு இரண்டும் இருந்தன. அந்தத் தெருவில் உட்கார்ந்துதான் அவள் பிளாக் எழுதினாள்.

பிளாக்கின் பெயர் 'இன்னைக்கு எங்க வீட்டுல'. தினம் ஒரு சமையல். நாலு பத்தி எழுத்து, ரெண்டு போட்டோ, ஒரு சின்ன வீடியோ. வீடியோவில் சமைப்பது பாஜிலா இல்லை, அவளுடைய மாமியார் மைமூனம்மாள். பாஜிலாவின் புருஷன் சாதிக் தம்மாமில் ஏசி மெக்கானிக். "உம்மா ஆக்குற சோத்தத்தான் திங்க முடியல, கண்ணுலயாவது பாத்துக்கிடுதேன்" என்று அவன் ஒருநாள் சொல்லப்போய் ஆரம்பித்த வேலை இது. இப்போது அந்த பிளாக்கைப் பார்க்காமல் காலைத் தேநீர் குடிக்காதவர்கள் கடையநல்லூரிலும் வளைகுடாவிலும் ஏகப்பட்ட பேர்.

ஆரம்பத்தில் அன்றன்றைக்கு எழுதத்தான் பார்த்தாள். முடிகிற காரியமா அது? நகராட்சித் தண்ணீர் நினைத்த நேரத்துக்கு வரும். மகளைப் பள்ளிக்கூட வேனில் ஏற்ற வேண்டும். எழுத உட்கார்ந்தால் கரண்ட் போகும், கரண்ட் வந்தால் தறி ஓடும். பாதி எழுதிய பதிவுகள் ஊறப்போட்டு மறந்த உளுந்து மாதிரி கிடந்து புளித்தன. அப்புறம்தான் அந்த வழியைக் கண்டுபிடித்தாள். ஞாயிற்றுக்கிழமை தறிகளுக்கு லீவு. அன்று ஒரே நாளில் ஆறு சமையலையும் எடுத்து, எழுதி, தேதி போட்டு வைத்துவிட்டால், அந்தந்த நாள் காலை ஆறு மணிக்குப் பதிவு தானாகவே வெளியே போய்விடும்.

மைமூனம்மாளுக்கு இதில் இருந்த குதூகலம் சொல்லி முடியாது. ஞாயிறு காலை பீரோவைத் திறந்து ஆறு சேலைகளைக் கட்டிலில் அடுக்கிவிடுவாள். ஒரு சமையல் முடிந்ததும் உள்ளே போய் சேலை மாற்றி வந்து, முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கேமராவைப் பார்த்து, "அஸ்ஸலாமு அலைக்கும் மக்களே, இன்னைக்கு செவ்வாக்கிழமை" என்பாள். சேலை மாறி வந்தால் "இன்னைக்கு புதன்கிழமை" என்பாள். கொஞ்சங்கூடக் கூச்சம் கிடையாது.

"ஏட்டி பாஜிலா, ஊர்ல எல்லாரும் ஒரு நாளைக்கு ஒரு நாள்தான் இருக்காவ. என்னய மட்டும் ஒரே நாள்ல ஆறு நாள் இருக்க வைக்கியே!" என்று சிரிப்பாள்.

இந்தக் கள்ளத்தனம் அவர்கள் இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும். சாதிக்குக்குத் தெரியாது. "தெனமும் உம்மா மொகத்தப் பாத்துட்டுத்தான் டூட்டிக்கு வண்டி ஏறுதேன்" என்று அவன் ரூமில் உள்ளவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொண்டிருந்தான். அவனிடம் போய், நீ பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை உம்மாவை என்று எப்படிச் சொல்வது? போனில் அவன், "நேத்து மீன் ஆணம் எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டால், அன்று வீட்டில் ரசமும் அப்பளமும் மட்டுமே இருந்திருக்கும். மைமூனம்மாள் கண் சிமிட்டாமல், "உப்புதான் ஒரு கல்லு கூடிப்போச்சு மக்கா" என்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் முடிந்தது. கடைசியாக, சனிக்கிழமைக்கு வட்டலப்பம். தேங்காய்ப்பாலில் கருப்பட்டியைக் கரைத்து, முட்டை அடித்து ஊற்றி வேகவைக்கும்போது மைமூனம்மாளுக்குக் களைப்பாக இருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டே செய்தாள். பாஜிலாவும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்த மைமூனம்மாள் எழுந்திருக்கவில்லை. பாஜிலா இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள். தூங்கட்டும், பாவம் என்று விட்டுவிட்டு, காலையில் போன பதிவுக்கு வந்திருந்த கமெண்டுகளுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தாள். 'மாமி சூப்பர்' என்று எழுதியிருந்தவருக்கு 'மாமிகிட்ட சொல்லிடுறேன்' என்று பதில் போட்டுவிட்டு, டீயை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டு எழுப்பினாள். கை சில்லிட்டிருந்தது. டீ கீழே விழுந்ததோ, தான் அலறியதோ அவளுக்குத் தெரியாது. தறிச் சத்தத்தில் பக்கத்து வீட்டுக்குக் கேட்கவும் இல்லை. தெருவுக்கு ஓடிவந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றாள்.

சாதிக்கின் அக்கா ஷம்சாத் பேகம் கடையநல்லூரிலிருந்து வந்து சேர்ந்தாள். அவள் புருஷன்தான் தம்மாமுக்குப் போன் போட்டுச் சொன்னார். சாதிக்கால் அன்றைக்கு எப்படி வந்து சேர முடியும்? மையித்தின் முகத்தைப் போனில் காட்டட்டுமா என்று கேட்டதற்கு, "வேண்டாம், எனக்குக் காட்டாதீங்க" என்று கத்தியிருக்கிறான். இரவுத் தொழுகைக்குப் பிறகு அடக்கமும் முடிந்துவிட்டது.

மறுநாள் காலை வீடு நிறையப் பெண்கள் இருந்தார்கள். யாசீன் ஓதி முடித்து, தேநீர் கொடுக்கலாமா என்று யாரோ மெதுவாகக் கேட்ட நேரம். ஷம்சாத் பேகத்தின் கையிலிருந்த போன் கிணுங்கியது. தூக்கமில்லாத கண்ணோடு அவள் என்னவென்று தெரியாமலே தொட்டுவிட்டாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மக்களே, இன்னைக்கு புதன்கிழமை!"

மைமூனம்மாளின் குரல். தெளிவாக, சிரித்துக்கொண்டு.

ஒருத்தி கையிலிருந்த டம்ளரை நழுவவிட்டாள். இன்னொருத்தி "யா அல்லாஹ்" என்று சுவரோடு ஒட்டிக்கொண்டாள். ஷம்சாத் பேகம் பேயறைந்தவள் மாதிரி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் அவளுடைய உம்மா பச்சைச் சேலை கட்டி, கத்தரிக்காயைக் காம்போடு கீறிக்கொண்டிருந்தாள். தேதி போட்டு வைத்தது பாஜிலாவின் நினைப்பிலேயே இல்லை. எப்படி இருக்கும்?

அவள் வாயைத் திறப்பதற்குள் அவளுடைய போன் அடித்தது. தம்மாமில் இன்னும் விடியவில்லை. தூங்கினால்தானே ஆள்!

"பாஜிலா! உம்மா இருக்காவளா?"

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

"இப்பந்தான் பாத்தேன். இன்னைக்கு புதன்கிழமைன்னு உம்மாவே சொல்லுதாவ. ஏம்ட்டி எல்லாரும் சேந்து பொய் சொன்னிய? என்னய ஊருக்கு வரவைக்கவா? போன உம்மாட்ட குடு. குடுட்டி!"

அவன் சிரித்துக்கொண்டிருந்தான். அழுதுகொண்டே சிரித்தான். முதல் தடவை அந்தச் செய்தியைச் சொல்லும் பாவம் அவளுக்கு வாய்க்கவில்லை, ஷம்சாத் பேகத்தின் புருஷனே சொல்லிவிட்டார் என்று நேற்று ஒரு மூலையில் ஆறுதல்பட்டிருந்தாள். இப்போது அவள்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"மச்சான், உம்மா மவுத்தாயிட்டாவ மச்சான். நெசந்தான். இது ஞாயித்துக்கிழம எடுத்து வச்சது."

"அப்போ நேத்து பாத்தது?"

"அதுவும்தான்."

"தெனமும் நான் பாத்தது?"

அவள் பதில் சொல்லுமுன் போனை வைத்துவிட்டான். ஒரே உம்மாவை ஒருத்தன் இரண்டு தடவை பறிகொடுத்தது எங்கேயாவது உண்டா? அதுவும் பெண்டாட்டியின் கெட்டிக்காரத்தனத்தால்!

ஷம்சாத் பேகம் அப்போதுதான் சுயநினைவுக்கு வந்தாள். "மவுத்தா போனவள வச்சா வேஷம் கட்டுதே? மிச்சம் எத்தன இருக்கோ, எல்லாத்தையும் இப்பமே அழிச்சிரு" என்றாள்.

"அழிச்சிருதேன் மதினி" என்று பாஜிலா போனை எடுத்தாள். வியாழன், வெள்ளி, சனி என்று மூன்றும் வரிசையாக நின்றன. எதை முதலில் அழிப்பது என்று மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். அதற்குள் சாதிக்கிடமிருந்து ஒரே ஒரு வார்த்தை வந்தது. 'அழிக்காத.'

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு மைமூனம்மாள் வந்தாள். வெள்ளிக்கிழமையும் வந்தாள். சாதிக் பார்த்திருக்கிறான் என்பது மட்டும் பாஜிலாவுக்குத் தெரிந்தது. பேசவில்லை. இனிமேல் பேசுவானா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. யார் எது கேட்டாலும் திடுக்கிட்டுத் திரும்பினாள். மகள் "உம்மா" என்று கூப்பிட்டால்கூட உடம்பு தூக்கிப்போட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் வந்தது.

"நாளைக்கு உம்மா என்ன செய்யுதாவ?"

"வட்டலப்பம் மச்சான்."

"அதோட முடிஞ்சிருமா?"

"முடிஞ்சிரும்."

"அப்போ அத வெளிய விடாத. அழிக்கவும் செய்யாத. அடுத்த சனிக்கெழமைக்குத் தள்ளி வை."

"அடுத்த சனிக்கெழமை?"

"அப்பவும் தள்ளி வை. உம்மாவுக்கு இன்னும் ஒரு நாளு இருக்கட்டும் பாஜிலா."

அதிலிருந்து பாஜிலா ஞாயிற்றுக்கிழமைகளில் எதுவும் எழுதி வைப்பதில்லை. முடிந்த அன்றைக்கு எழுதுகிறாள், முடியாத அன்றைக்கு விட்டுவிடுகிறாள். ஆனால் வெள்ளிக்கிழமை வந்தால் மட்டும் சனிக்கிழமைப் பதிவைத் திறந்து தேதியை ஒரு வாரம் தள்ளி வைப்பாள். அவளுடைய ஒழுங்கெல்லாம் இந்த ஒரு வேலையில் வந்து நின்றது.

போன வாரம் மகளுக்குக் காய்ச்சல். வெள்ளிக்கிழமை முழுக்க ஆஸ்பத்திரியில் போய்விட்டது. சனிக்கிழமை விடியக்காலம் குழாயில் தண்ணீர் வந்த சத்தம் கேட்டு ஓடிப்போய்க் குடத்தை வைத்தாள். பாதிக் குடம் நிறைந்திருக்கும்போதுதான் அது உறைத்தது. தள்ளி வைக்கவில்லை!

குடத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். போனில் மணி ஆறு ஆகப்போகிறது. பதிவைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "யா அல்லாஹ், யா அல்லாஹ்" என்று போனை உலுக்கினாள், உலுக்கினால் சீக்கிரம் திறக்கும் என்பது போல. திறந்தது. தேதியை மாற்றி அழுத்தினாள். போயிற்றா, போகவில்லையா? கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். அடுத்த சனிக்கிழமை என்று காட்டியது.

அடுப்படித் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வெளியே குடம் நிரம்பித் தண்ணீர் வாசலெல்லாம் ஓடியது. மாமி இறந்த அன்றைக்கு எட்டி எட்டிப் பார்த்தும் தவறவிட்டாள். இன்றைக்கு எப்படியோ பிடித்துவிட்டாள்.

தம்மாமில் விடிந்ததும் சாதிக் கூப்பிட்டான். ஒவ்வொரு சனிக்கிழமையும் எழுந்ததும் அவன் கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

"உம்மா இருக்காவளா?"

"இருக்காவ மச்சான்" என்றாள் பாஜிலா.