விண்கலத்துக்கும் ஒரு கற்பூரம்

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குக் கிளிநொச்சியிலிருந்து எங்களை ஏற்றிப்போன வான் சாரதிக்கு ஐம்பது வயதிருக்கும். முன்கண்ணாடியருகே அம்மன் படமும், பழைய விண்வெளிச் சண்டைப் படமொன்றில் வரும் விண்கலத்தின் பிளாஸ்டிக் பொம்மையும் வைத்திருந்தார். புறப்படுமுன் இரண்டுக்கும் கற்பூரம் காட்டினார். பொம்மையின் ஓர் இறக்கை ஏற்கெனவே உருகியிருந்தது. அவ்வளவு பக்தி.

"அந்தப் படத்தின்ரை மூண்டு பாகமும் கரண்ட் இல்லாத காலத்தில ஜெனரேற்றர் பூட்டி, வீடியோ டெக்கில பாத்தனான்" என்று பரந்தனில் கதையைத் தொடங்கினார். விசுவமடுவில் ஒரு கிரகம் வெடித்தது. புதுக்குடியிருப்பில் பேரரசு கவிழ்ந்தது. நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

"அண்ணை, பிறகும் பாகங்கள் வந்ததாமே?" என்று சீண்டினேன்.

வானை ஓரங்கட்டி நிறுத்திவிட்டார்.

"அதுகளை நான் பாக்கிறேல்லை, தம்பி. மூண்டாவதோட சண்டை முடிஞ்சுது. பிறகேன் திருப்பித் தொடங்கினவங்கள்? ரிக்கற் விக்கத்தானே? சண்டை முடிஞ்சாப் பிறகு அந்தச் சனம் எப்பிடிச் சீவிச்சதெண்டு ஒருத்தனும் படம் எடுக்கேல்லை."

அதுவரை அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்த நாங்கள் எல்லோருமே எங்கள் மண்ணில் சண்டை முடிந்த பிறகு சீவித்தவர்கள்தான்.