வின்னியின் கவுன்

தெல்மா பேட்டன் பின்னாளில் வேலி போடும் குழு நடத்தினாள். மகள்களையும் கம்பி இழுக்க அழைத்துப்போவாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுவாள். சொல்லும்போது ஒரு தடவைகூட அவள் குரல் இளகியதில்லை.

ஒன்பது வயதில் அவளுக்கு இரண்டு அம்மாக்கள்: பெற்றவள் பெர்லி, பெர்லியின் அக்கா எல்வா. ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸின் மேற்குச் சமவெளியில், கார்மைக்கேல் பண்ணையின் ஆற்றோரத் தகரக் குடிசையில் மூவரும் இருந்தார்கள். ஆடுகள் ஈனும் பருவத்தில் மந்தை முழுவதும் அக்கா தங்கையின் கையில்தான்.

குட்டியை இழந்த தாயாட்டிடம் அநாதைக் குட்டியைச் சேர்ப்பதில் எல்வா கெட்டிக்காரி. செத்த குட்டியின் தோலை உரித்து, அநாதைக் குட்டிக்குச் சட்டைபோல மாட்டிவிடுவாள். தாயாடு தன் குட்டியின் வாசனையை மோந்து பார்த்துவிட்டு மடி கொடுக்கும்.

"ஏமாந்த ஜென்மம்!" என்று தெல்மா சிரிப்பாள்.

"ஏமாறலடி. தனக்கு வேணுங்கிறத மோந்துக்குது."

அந்தக் கோடையில் பண்ணையார் மகள் வின்னி காய்ச்சலில் இறந்தாள். குளிர் தொடங்கியதும் மிஸஸ் கார்மைக்கேல் குடிசைக்கு வந்து தெல்மாவைக் கேட்டாள். கேட்டாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. அவளுக்குப் பின்னால் குதிரைமேல் போலீஸ்காரன் இருந்தான்.

"எங்க வீட்டுக்கு அனுப்பு. இல்லைன்னா அரசாங்க விடுதி. அங்க போனா நீ முகத்தைக்கூடப் பார்க்க முடியாது."

பெர்லியைப் போன்ற பழங்குடிக் கறுப்புப் பெண்ணிடமிருந்து பிள்ளையைப் பிடுங்குவதற்கு அந்தக் காலத்துச் சட்டம் 'பாதுகாப்பு' என்று பெயர் வைத்திருந்தது. பெர்லி மகளின் கையை விட்டாள்.

பெரிய வீட்டில் வின்னியின் நீலக் கவுனைப் போட்டுவிட்டார்கள். வின்னியின் கட்டில், வின்னியின் பெயர். மிஸஸ் கார்மைக்கேல் அவளை மடியில் இழுத்து முகர்ந்துவிட்டு அழுவாள். அந்தத் துக்கம் நிஜம்தான். அதற்காக அடுத்தவள் பிள்ளை எப்படி மருந்தாகும்? "கடவுள் ஒரு கையால் எடுத்து மறு கையால் கொடுத்திருக்கிறார்" என்றார் பாதிரியார். மறு கையில் விலங்கு இருந்ததை அவர் கவனிக்கவில்லை.

பெற்றவளையும் பெரியம்மாவையும் சமையலறை வேலிக்கு அப்பால் நின்றுதான் பார்க்கவிட்டார்கள்.

"ஏண்டி இப்படி இளைச்சுப்போன?" என்றாள் பெர்லி.

"வின்னின்னு கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறேன். அன்னிக்குச் சோறு கிடையாது."

"திரும்பாத," என்றாள் எல்வா. "கழுத்து சுளுக்கிக்கிச்சுன்னு சொல்லு."

தெல்மா சிரிக்கவில்லை. "பெரியம்மா, என்னைய நான்தான் வெளிய கொண்டாரணும். நீங்க வண்டிய மட்டும் பூட்டி வைங்க. ஞாயித்துக்கிழமை."

ஞாயிறு மாலை கூடத்தில் பாதிரியாரும் ஊர்ச் சீமாட்டிகளும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். தெல்மா கவுனைக் கழற்றி, கத்தியால் வயிற்றுப் பக்கம் கிழித்து, குளிருக்காக அடுப்படிப் பெட்டியில் வைத்திருந்த அநாதை ஆட்டுக்குட்டிக்கு மாட்டினாள். கால்கள் நான்கையும் வெளியே எடுத்துவிட்டாள். குட்டியைக் கூடத்துக்குள் தள்ளிவிட்டு, உள்பாவாடையோடு வாசலில் நின்றாள்.

"அம்மா," என்றாள். அந்த வீட்டில் அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "வின்னி வந்திருக்கா. மோந்து பாருங்க."

குட்டி கம்பளத்தில் புழுக்கை போட்டது. ஒரு சீமாட்டிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மிஸஸ் கார்மைக்கேல் அலறினாள்: "இவளை வெளியே துரத்துங்க! என் கண்ணுல படக்கூடாது!"

தெல்மா ஆற்றங்கரைக்கு ஓடினாள். வண்டியில் பெர்லியும் எல்வாவும் தயாராக இருந்தார்கள்.

பாலத்தருகே கார்மைக்கேல் குதிரையில் வந்து மறித்தார். "மந்தை முழுக்க ஈனிக்கிட்டிருக்கு, எல்வா! இப்பப் போனா எப்படி? போலீசைக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடுங்க முதலாளி. எதுக்குக் கவுன் கிழிஞ்சுதுன்னு அவரு கேப்பாரு. ஊரே கேட்டு ரசிக்கும்."

அவர் குதிரையை ஓரமாகத் திருப்பினார்.

"குட்டிங்களுக்கு என்ன செய்யறது?"

"வீட்டம்மாவ அனுப்புங்க. செத்த பிள்ளையோட தோலை மாட்டிவிடற வேலை அவங்களுக்கு நல்லா வருது."

வண்டி பாலத்தைத் தாண்டியது. அநாதைக் குட்டிகளின் கத்தல் ஆற்றைக் கடந்தும் கேட்டது. பெர்லி மகளின் காதைப் பொத்தப்போனாள். தெல்மா அந்தக் கையைத் தள்ளிவிட்டாள். தாயைத் தேடும் அந்தக் கத்தலை அவளுக்குக் கேட்க வேண்டியிருந்தது.