மே மாதத்தில் வருகிறவர்

எங்கள் ஊர் இஸ்ஃபாராவில் மலிவாக விமான டிக்கெட் வேண்டுமென்றால் யாரும் கடைக்குப் போகமாட்டார்கள். சனவ்பர் அக்கா வீட்டுக்குத்தான் போவார்கள். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சமையலறையில் செல்போனோடு உட்கார்ந்தால், எந்த நாளில் கிளம்பினால், எந்த ஊரில் மாறினால் விலை குறையும் என்று அலசி எடுத்துவிடுவாள். ஒரு பைசா வாங்கமாட்டாள். தேடியது கிடைத்ததும் "மாட்டிக்கிச்சு!" என்று ஒரு கூச்சல், அவ்வளவுதான் அவளுக்குக் கூலி.

எங்கள் தெரு ஆண்கள் எல்லோருக்கும் ரஷ்யாவில் வேலை. மார்ச்சில் போவோம், நவம்பர் கடைசியில் திரும்புவோம். அதனால் கல்யாணம், சுன்னத்து, சேர்ந்து கூரை போடுவது எல்லாமே குளிர்காலத்தில்தான். டிக்கெட்டும் அப்போதுதான் யானை விலை, குதிரை விலை.

அக்காவின் கணவர் இஸ்மத்துக்கு நோவோசிபிர்ஸ்கில் ஒரு ரொட்டி ஆலையில் வேலை. எந்த மாதம் கேட்டாலும் லீவு கிடைக்கும். அக்காவின் கெட்டிக்காரத்தனம் அங்கேதான் புகுந்து விளையாடியது. மே மாதத்தில் எங்கள் பக்கம் வரும் விமானங்கள் காலியாக வரும். பதினோரு வருடமாக அவரை மேயில்தான் வரவழைத்தாள். ஒருமுறை அவர் போனில் கெஞ்சியபோது நானும் அங்கே இருந்தேன்.

"சனவ்பர், இந்த வருஷம் டிசம்பர்ல வரட்டுமா? தெருவுல நாலு பேரைப் பார்த்த மாதிரி இருக்கும்."

"நாலு பேரைப் பார்க்க மூணு மடங்கு காசா? பேசாம மேயில வாங்க. நாலு பேரு எங்கயும் ஓடிப்போயிட மாட்டாங்க."

நானும் சேர்ந்து சிரித்தேன், மடையன். மேயில் நாங்கள் எல்லோரும் ஓடித்தான் போயிருப்போம். அடுத்த வீட்டுக்காரன் நான், அவர் முகத்தை நேரில் பார்த்ததே இல்லை. அந்த வீட்டை அக்கா வாங்கியதே அவர் ரஷ்யாவில் இருந்தபோதுதான். சுவரில் ஒரு பழைய கல்யாணப் படம் இருந்தது. அதில் அவர் கருகருவென்று மீசையும் சுருட்டை முடியுமாக இருந்தார்.

போன டிசம்பரில் அவர்கள் மகன் ஷுஹ்ரத்துக்குக் கல்யாணம். முதல்முறையாக அக்கா விலையைப் பார்க்காமல் டிக்கெட் எடுத்தாள்.

"பிள்ளைக்கு அப்பான்னு அவரு தெரு நடுவுல நிக்கணும்டா. ஒவ்வொருத்தரும் அவர் கையைப் பிடிச்சு வாழ்த்தணும். அதை நான் பார்க்கணும். இந்தத் தடவை மார்ச் வரைக்கும் அனுப்பமாட்டேன்."

கல்யாணத்துக்கு முன்னால், விடியும் வேளையில், மாப்பிள்ளை வீட்டில் ஆண்களுக்குப் புலாவ் விருந்து. இஸ்மத் முந்தின நாள் இரவுதான் வந்திறங்கியிருந்தார். வாசலில் அக்காவின் தம்பி நெஞ்சில் கைவைத்து எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். பரிமாறுவது தெருக்காரர்கள் வேலை என்பதால் நான் பக்கவாசல் வழியாக நுழைந்து தட்டு தூக்கிக்கொண்டிருந்தேன்.

முற்றத்தில் ஒருவர் எங்கே நிற்பதென்று தெரியாமல் நின்றார். வழுக்கைத் தலையில் புதுத் தொப்பி, நரைத்த தாடி. முந்நூறு பேர் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து நலம் விசாரிக்கிறார்கள், அவரிடம் ஒருவரும் பேசவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது. கையைப் பிடித்து அழைத்துப்போய் வெளியூர் விருந்தாளிகள் வரிசையில் உட்காரவைத்தேன்.

"விருந்தாளி நிக்கலாமாண்ணே? எந்த ஊரு உங்களுக்கு?"

"நோவோசிபிர்ஸ்க்" என்றார்.

"அடேயப்பா, அங்கேருந்தா! இஸ்மத் அண்ணன்கூட வந்தீங்களா? மாப்பிள்ளை உங்களுக்கு என்ன வேணும்?"

"புலாவ் நல்லா இருக்கு தம்பி" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது ஷுஹ்ரத் ஓடிவந்தான். "அப்பா, இங்க ஏன் உக்காந்திருக்கீங்க? வாசல்ல மாமா உங்களைத் தேடுறாரு."

அவர் எழுந்து என் தோளைத் தட்டினார். "பரவாயில்ல தம்பி, நல்லா கவனிச்சீங்க." நிமிர்ந்தால், சமையலறை ஜன்னலில் அக்கா நின்றிருந்தாள்.

கல்யாணம் முடிந்து மன்னிப்புக் கேட்கப் போனேன். அக்கா கையமர்த்தினாள். "நீ என்னடா பண்ணுவ? பதினோரு தடவை டிக்கெட் எடுத்தது நான். மிச்சம் பிடிச்சேன், மிச்சம் பிடிச்சேன்னு குதிச்சதும் நான்தானே."

பத்து நாள் கழித்து, அக்காவிடம் இரவல் வாங்கிய தட்டுகளைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். இஸ்மத் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்.

"சனவ்பர், ஜனவரியில அந்தப் பக்கம் போற விமானம் காலியாத்தானே போகும்? மலிவாக் கிடைக்குமே. கொஞ்சம் பாரேன்."

"மார்ச் வரைக்கும் இருக்கறதாத்தானே பேச்சு?"

"அங்க ஆலையில எல்லாரும் தெரிஞ்சவங்க" என்றார்.

அக்கா போனை எடுத்து வெகுநேரம் தேடினாள். பக்கத்தில் இருந்த எனக்குத் திரை தெரிந்தது. எந்தத் தேதியைத் தொட்டாலும் இடம் இருந்தது, அடிமாட்டு விலைக்கு.

"ஒண்ணுமே இல்லீங்க. எல்லாம் நிரம்பிடுச்சு" என்றாள்.

அவர் தலையாட்டினார். மறுநாள் தனியாகவே சந்தைப் பக்கம் போய், அங்கே கடையில் சொன்ன விலைக்கு ஒரு டிக்கெட் வாங்கிவந்து மேஜைமேல் வைத்தார். எவ்வளவு கொடுத்தீர்கள் என்று அக்கா கேட்கவில்லை.