டெல்மியின் பதின்மூன்று சீட்டுகள்

"நோனி, ஒரு கை சொல்றேன். நீயா இருந்தா என்ன கேப்பேன்னு சொல்லு," என்றார் நோல்டி ருமெங்கான். மனாடோவில் எங்கள் பிரிட்ஜ் சீட்டாட்டக் கிளப்புக்கு நான் வந்த இரண்டாவது ஞாயிறு அது. "உன் ஜோடி நான். ஒரு ஆர்ட்டின்னு ஏலத்தைத் தொடங்குறேன். எதிராளி தடால்னு நாலு இஸ்பேடுக்குத் தாவுறான். உன் கையில இஸ்பேட் ஒன்பது, ஆறு, மூணு. ஆர்ட்டின் ஏழு, நாலு. டைமண்ட்ல ஜாக்கி, எட்டு, அஞ்சு, ரெண்டு. கிளாவர் பத்து, எட்டு, ஆறு, நாலு."

"இதெல்லாம் ஒரு கையா மாமா? யார் கலைச்சது?"

"கம்ப்யூட்டர். நீ பதில் சொல்லு."

"பாஸ்."

"யோசிக்க மாட்டியா?"

"எதிராளி தாவிக் கேட்டா பத்து வினாடி சும்மா உட்காரணும்னு விதி இருக்கே, அதுக்காக உட்காருவேன். அதுக்கு மேல யோசிக்க இதுல என்ன இருக்கு?"

"அஞ்சு ஆர்ட்டின் கேட்டுத் தோத்தாலும் பரவாயில்ல, அவங்களை அந்த நாலு இஸ்பேட் ஆட விடக்கூடாதுன்னு தோணாதா? ஒரு நிமிஷம்கூட?"

"ரெண்டே ரெண்டு ஆர்ட்டினை வச்சுக்கிட்டா? நீங்களே என்னை அடிப்பீங்க."

பக்கத்து மேசையில் ஃபிராங்கி பொரித்த வாழைப்பழத்தை மீன் சம்பலில் தோய்த்துக்கொண்டிருந்தார். "விடுப்பா நோல்டி, புதுப் பொண்ணு. பழம் ஆறுது, வந்து தின்னு," என்றார். எதற்கெடுத்தாலும் சிரிப்பவர், அப்போது சிரிக்கவில்லை.

"சரி நோனி. நல்லது," என்று சொல்லிவிட்டு நோல்டி எழுந்து படியிறங்கிப் போனார்.

அவர் போன பிறகு ஃபிராங்கிதான் எனக்குச் சொன்னார். அந்தக் கை நோல்டியின் மனைவி டெல்மி கடைசியாகப் பிடித்த கை.

நோல்டி துறைமுகத்தில் சியாவ் தீவுக்குப் போகும் படகுக்கு டிக்கெட் விற்பவர். டெல்மி தொடக்கப்பள்ளி ஆசிரியை, தேவாலயப் பாடகர் குழுவில் கீழ்க்குரல். இருபத்தாறு வருடம் வீட்டிலும் மேசையிலும் ஜோடி. போட்டிகளில் நாங்கள் வாய் திறந்து ஏலம் கேட்பதில்லை. அச்சடித்த அட்டையை எடுத்து மேசையில் வைப்போம், அவ்வளவுதான். ஜோடி அதிக நேரம் யோசித்தால் அவர் கையில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தமாகிவிடும். அதை வைத்து முடிவெடுப்பது ஏமாற்று. அதனால் டெல்மி யோசிக்கத் தொடங்கியதுமே நோல்டி தலையைக் குனிந்து தன் சீட்டுகளையே பார்ப்பார். அவ்வளவு சுத்தமான ஆட்டக்காரர் எங்கள் ஊரில் வேறு யாரும் இல்லை என்பார்கள். "இந்த மனுஷன் என்னை எங்க வேணா பார்த்திருக்கார், மேசையில மட்டும் பார்த்ததில்ல. என் மூஞ்சி அவ்வளவு மோசமா?" என்று டெல்மி எல்லோர் முன்னாலும் கேலி செய்வாராம்.

டெல்மி கடைசியாக ஆடிய அன்று நான்கு இஸ்பேட் கேட்டது ஃபிராங்கி. பத்து வினாடி போயிற்று. இருபது போயிற்று. டெல்மி அட்டையை எடுக்கவில்லை. நோல்டி குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. கடைசியில் பாஸ் அட்டை கோணலாக மேசையில் விழுந்தது. உடனே ஃபிராங்கி கையைத் தூக்கி நடுவரை அழைத்தார். நடுவர் வந்து, தாமதம் இருந்ததா என்று கேட்டார்.

"இருந்தது. நாற்பது வினாடி. நான் எண்ணினேன்," என்றார் நோல்டி, குனிந்தபடியே. நேர்மையாகச் சொன்னதில் அவருக்கு அப்போது கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அவர் கையில் ஏழு ஆர்ட்டின் இருந்தது. ஐந்து கேட்க மனம் துடித்தது. ஆனால் மனைவி யோசித்துவிட்டாளே, அதைப் பயன்படுத்தக் கூடாது என்று பாஸ் வைத்தார். முதல் சீட்டு டெல்மி இறக்க வேண்டும். சீட்டு வரவில்லை. அப்போதுதான் நோல்டி நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தின் ஒரு பக்கம் தொங்கிப்போயிருந்தது.

மூன்றாம் நாள் டெல்மி இறந்தார். அந்தச் சில நிமிடங்களால் எதுவும் மாறியிருக்காது என்று மருத்துவர் சொன்னதை நோல்டி நம்பினார். அவரைத் தூங்கவிடாதது அது அல்ல. அந்த நாற்பது வினாடியும் அவள் சீட்டுகளைப் பார்த்து யோசித்தாளா, அல்லது ஏதோ ஆகிறது என்று தெரிந்து எதிரே இருந்தவரைப் பார்த்துக்கொண்டிருந்தாளா? பார்த்திருந்தால், அவளுக்குத் தெரிந்தது அவர் உச்சந்தலை மட்டும்.

போட்டியில் எல்லா மேசைக்கும் ஒரே சீட்டுகள்தான் போகும். அன்று வேறு பதினான்கு பேர் அதே பதின்மூன்று சீட்டுகளைப் பிடித்திருந்தார்கள். டிக்கெட் ஜன்னலில், தேவாலய வாசலில், துக்கத்துக்கு வந்த இடத்தில், அவர் ஒவ்வொருவரையும் கேட்டார். பதினான்கு பேரும் ஒரே பதில்: பத்து வினாடி, பாஸ். பிறகு கிளப்புக்குப் புதிதாக வருகிறவர்களைக் கேட்கத் தொடங்கினார்.

அடுத்த ஞாயிறு நான் அவரிடம் போனேன். "மாமா, வீட்டுல போய் யோசிச்சுப் பார்த்தேன். அந்தக் கைக்கு நானும் கொஞ்சம் நேரம் எடுத்திருப்பேன்னு தோணுது."

"ஃபிராங்கி வாயைத் திறந்துட்டானா?"

நான் ஃபிராங்கியின் மேசைப் பக்கம் பார்த்தேன்.

"முதல்ல சொன்ன பதில்தான் செல்லும் நோனி. நடுவர் கேட்டாலும் அப்படித்தான்." கோபமில்லாமல்தான் சொன்னார். சற்றுக் கழித்து, "ஆனா அவ உங்க யாரு மாதிரியும் இல்ல. தொமோஹோன் போட்டியில இதைவிடக் குப்பையான கையை வச்சுக்கிட்டு அஞ்சு கேட்டா. எதிராளி பயந்துபோய் ஆறுக்குப் போய்த் தோத்தான். அந்த மாதிரி ஏதாவது யோசிச்சிருக்கலாம். இல்லையா?"

"இருக்கலாம் மாமா."

"இருக்கலாம்," என்றார். "ராத்திரி பூரா அவ என் பக்கத்துல உட்கார்ந்து இருக்கலாம், இருக்கலாம்னு சொல்லிட்டே இருக்கா. எதை இருக்கலாங்கிறான்னு மட்டும் சொல்ல மாட்டேங்கிறா."

டெல்மி போன பிறகு அவர் ஒரு போட்டியிலும் ஆடவில்லை. ஜூலையில் என் ஜோடி வேலை கிடைத்து மக்காசாருக்குப் போய்விட்டாள். ஃபிராங்கி யாரையும் கேட்காமல் அடுத்த போட்டிக்கு என் பெயரையும் நோல்டி பெயரையும் ஜோடியாக எழுதிவிட்டார். போட்டி அன்று நோல்டி இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். எதிராளிகள் இன்னும் வரவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாரே தவிர உட்காரவில்லை.

"நோனி, ஒண்ணு கேக்கட்டுமா? நீ அதிக நேரம் எடுத்தா நான் நிமிர்ந்து உன் முகத்தைப் பார்ப்பேன். அவங்க நடுவரைக் கூப்பிட்டாலும் பார்ப்பேன். தண்டனைப் புள்ளி போட்டா ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் விழும், அதனால முன்னாடியே கேக்குறேன். நான் பார்க்கும்போது நீயும் ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்துடு. அதுக்கப்புறம் எவ்வளவு நேரம் வேணா யோசி."