தருமன் அளந்த உப்பு

என் தங்கை செவ்வந்தியின் புருஷன் தருமனுக்கு முதல் தொழிலே பயப்படுவதுதான். ஏரியில் இறால் பிடிப்பதெல்லாம் அதற்கு அடுத்ததுதான். வானம் பளிச்சென்று இருக்கும்போதே "காத்து திரும்பும் போல கீது மச்சான்" என்பான். திரும்பிவிட்டால் "பாத்தியா" என்பான். திரும்பாவிட்டால் "இன்னும் நேரம் கீது" என்பான். பொன்னேரிக்குப் பஸ் ஏறினால் திருப்பாலைவனம் தாண்டுவதற்குள் சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கே சந்தேகம் வரவைத்துவிடுவான். இந்த ஆளுக்கு மகளாக அர்ச்சனா எப்படிப் பிறந்தாள் என்று எங்கள் ஊர் தோணிரேவில் எல்லோருமே கேட்டிருக்கிறோம். வாத்தியாராக இருந்தாலும் தப்பென்றால் தப்பென்று முகத்துக்கு நேரே சொல்லுகிற பெண் அவள்.

பத்தாவதில் அவள் எடுத்த மார்க்கைப் பார்த்து, சென்னைக்கு வெளியே இருக்கும் ஒரு பெரிய பள்ளிக்கூடம் செலவில்லாமல் இடம் கொடுத்தது. ஹாஸ்டலும் இலவசம். பழவேற்காடு கடைத்தெருவில் நான் ஜெராக்ஸ், ரீசார்ஜ் கடை வைத்திருப்பதால் பள்ளிக்கூடத்து மெயில் எல்லாம் என் கடைக்குத்தான் வரும். படித்துச் சொல்லும் வேலையும் என்னுடையது. அங்கே நம்மூர் பிளஸ் டூ கிடையாது. ஐ.பி. என்று ஒரு வெளிநாட்டுப் பாடத்திட்டம். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற பிள்ளைகளும் அதே பாடத்தைப் படித்து அதே பரீட்சையை எழுதுகிறார்கள். ஆறு பாடம், அதோடு ஊருக்கு உபயோகமாக ஏதாவது செய்ய வேண்டும், சொந்தமாக ஆராய்ச்சி செய்து நீளமாக ஒரு கட்டுரை எழுத வேண்டும். எல்லாம் சேர்ந்து மொத்தமே நாற்பத்தைந்து மார்க்.

"மொத்தமே நாப்பத்தஞ்சா?" என்று தருமன் வெலவெலத்துப் போனான். "அறநூறுக்குன்னா அங்க கொஞ்சம் போனாலும் இங்க கொஞ்சம் புடிச்சிக்கலாம். நாப்பத்தஞ்சுல எங்க மச்சான் புடிக்கிறது?"

"நீயா எழுதப் போற? அவ எழுதுவா, போ" என்று விரட்டிவிட்டேன். ஒரு வாரம் அவனுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை என்று தங்கை வந்து என்னிடம்தான் சண்டை போட்டாள்.

இரண்டாம் வருஷம் அந்தக் கட்டுரை வந்தது. அர்ச்சனா ஏரியையே எடுத்துக்கொண்டாள். முகத்துவாரம் மண்ணடைத்தால் கடல் தண்ணீர் உள்ளே வராது, ஏரியில் உப்பு மாறும், அப்போது இறால் வரத்து எப்படி மாறுகிறது என்பது அவள் கேள்வி. உப்பை அளக்கப் பள்ளிக்கூடத்தில் ஒரு சின்னக் குழாய் கொடுத்திருந்தார்கள். அதன் கண்ணாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, வெளிச்சத்தில் பிடித்துக் கண்ணில் வைத்துப் பார்த்தால் அளவு தெரியும். அவள் ஹாஸ்டலில் இருக்கும் நாட்களில் அளக்கும் வேலை அப்பனுடையது. தருமன் அதைச் சாமிக்கு விளக்கு வைப்பதுபோலச் செய்தான். ஒவ்வொரு முறையும் மூன்று தடவை பார்ப்பான், பிறகு போனில் பேசி அனுப்புவான். "நைனா, ஒரு தடவ பார்த்தா போதும்" என்று அவள் சொன்னால், "தப்பாயிட்டா?" என்பான். "அளந்தது என் அப்பா தருமன்" என்று அவள் கட்டுரையின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருந்தாள்.

அவளோடு படிக்கும் ஷாலினி என்ற சென்னைப் பெண்ணும் இதே ஏரியில் வேறொரு ஆராய்ச்சி எடுத்திருந்தாள். உப்பு மாறும்போது முகத்துவாரத்துப் பக்கம் வளரும் பாசி என்னவாகிறது என்பது. லீவில் அர்ச்சனாவோடு வந்து வீட்டில் தங்கி, செவ்வந்தி வைத்த நண்டுக் குழம்பைக் கண்ணில் தண்ணீர் வர வர இரண்டு முறை போட்டுச் சாப்பிட்ட பெண். உப்பை அளக்க வேண்டிய சமயம் பார்த்துக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டாள். தருமனுக்கு போன் போட்டு, "அங்கிள், முகத்துவாரத்துக்கிட்ட எனக்கும் அளந்து சொல்றீங்களா?" என்று கேட்டிருக்கிறாள்.

அங்கேதான் சிக்கல். இந்த ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் படகை நிறுத்த முடியாது. இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்ன ஊர்க்காரர்கள் வலை போடலாம் என்று குலுக்கிப் போட்டு முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். அந்த நாட்களில் முகத்துவாரத்துப் பாடு வேறு ஊருக்கு. அங்கே போய்ப் படகை நிறுத்திக் கண்ணில் குழாயை வைத்துக்கொண்டு நின்றால் அடிதடிதான் நடக்கும். மற்றவனாக இருந்தால் முடியாது என்று சொல்லி போனை வைத்திருப்பான். தருமனுக்கு வீட்டில் சாப்பிட்ட பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பப் பயம். தன் பாட்டு இடத்தில் அர்ச்சனாவுக்காக அளந்ததையே அவளுக்கும் சொல்லிவிட்டான். பாடு இல்லாதவனுக்குத் தன் பாட்டில் விழுந்ததில் பங்கு கொடுப்பது இங்கே பெரிய விஷயமே இல்லை. அப்படிக் கொடுக்காதவனைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

பொங்கல் முடிந்து பள்ளிக்கூடத்திலிருந்து மெயில் வந்தது. அர்ச்சனாவின் கட்டுரை விஷயமாகப் பெற்றோர் நேரில் வரவேண்டும், மாணவியின் நேர்மை சம்பந்தப்பட்டது என்று இருந்தது. நான் படித்துச் சொன்னதும் தருமன் கடைப் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டான். மறுநாள் காலை நானும் அவனும் கிளம்பினோம். பஸ் காட்டூரைத் தாண்டும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். அதுவரை எனக்கும் தெரியாது, செவ்வந்திக்கும் தெரியாது.

"அடப்பாவி" என்று நான் கத்தியதில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். "அது இன்னா இறாலா, கூடையில அள்ளிக் குடுக்க? ரெண்டு பொண்ணுங்க படிப்புடா அது."

"தண்ணி ஒரே ஏரித் தண்ணிதான மச்சான்?"

"அங்க போயி வாயத் தொறக்காத. கேட்டா மட்டும் பதில் சொல்லு. எதனா ஒளறி நம்ம பொண்ணு சீட்ட கிழிச்சி வுட்றாத."

அவன் தலையை ஆட்டினான். அதற்குப் பிறகு வழி முழுக்கச் சட்டைப் பையைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. பையைத் தொடாத தருமன் தொடுகிற தருமனைவிட எனக்கு அதிகக் கலக்கத்தைக் கொடுத்தான்.

அந்தப் பாடத்திட்டத்தைக் கவனிக்கும் ரோஸ்மேரி மேடம் எங்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். அர்ச்சனாவும் ஷாலினியும் எதிரில் இருந்தார்கள். ஷாலினியின் மூக்கு அழுது சிவந்திருந்தது. அர்ச்சனா அப்பனைப் பார்க்கவே இல்லை.

"ரெண்டு பேர் கட்டுரையிலயும் உப்பு அளவு ஒரு புள்ளி மாறாம அப்படியே இருக்கு" என்றார் மேடம். "அர்ச்சனா, நான்தான் ஷாலினிக்குக் கொடுத்தேன்னு சொல்றா. தெரிஞ்சே கொடுத்திருந்தா, வாங்கினவளுக்கு மட்டுமில்ல, கொடுத்தவளுக்கும் ஐ.பி. டிப்ளமாவே கிடைக்காம போகலாம். இதை உங்ககிட்ட நேர்ல சொல்லணும்னுதான் வரச்சொன்னேன்."

இந்தப் பெண் எதற்குச் செய்யாததைச் செய்தேன் என்று சொல்லியிருக்கிறாள்? தருமனின் தொடையை அழுத்திப் பிடித்தேன். என் கையைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றான்.

"மேடம், அவ குடுக்கல. நான்தான் குடுத்தேன். அவளுக்குத் தெரியவே தெரியாது."

"நைனா, உக்காரு" என்றாள் அர்ச்சனா, பல்லைக் கடித்துக்கொண்டு.

"நீ சும்மா இரு." அவன் மகளை அதட்டி நான் அன்றுதான் பார்த்தேன். "இந்தப் பொண்ணு கேட்ட எடத்துல எங்களுக்குப் பாடு இல்ல மேடம். படகு வுட முடியாது. அதுக்குன்னு நோவுல படுத்துக்கினு இருக்கிற புள்ளைய இல்லன்னு சொல்றதா? எங்க பாட்டுல வந்தத குடுத்தேன். தப்புன்னு தெரியாது. இன்னா தண்டனையோ எனக்குக் குடுங்க. ரெண்டு பேரையும் வுட்ருங்க."

ஷாலினி குலுங்கி அழுதாள். "எது எந்த இடத்துத் தண்ணின்னு எனக்குத் தெரியும் மேடம்" என்றாள். "அங்கிள் சொன்னார், எங்க பாட்டுல அளந்ததுன்னு. நான்தான் முகத்துவாரம்னு எழுதிட்டேன்."

எங்களை வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். வராந்தாவில் அர்ச்சனா அப்பன் மேல் பாய்ந்தாள். "உன்ன யாரு எழுந்து நிக்கச் சொன்னா? உன்னக் கூப்புட்டு வெச்சி கேள்வி கேட்டா நீ தாங்க மாட்டன்னுதான் நானே சொன்னேன். ஷாலினிகிட்ட கூட வாயத் தொறக்காதன்னு சொல்லி வெச்சேன்." சொல்லிக்கொண்டே அழுதாள்.

"தாங்கலதான்" என்றான் தருமன். "இப்பகூட பயமாத்தான் கீது. அதுக்குன்னு நீ தலைய குடுப்பியா?"

வெகுநேரம் கழித்துக் கூப்பிட்டார்கள். அர்ச்சனாவின் கட்டுரை நிற்கும், ஆனால் பொய் சொன்னதற்கு எச்சரிக்கை. ஷாலினி பழைய அளவுகளைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தானே போய்ப் புதிதாக அளந்து எழுத வேண்டும். கொஞ்சமாக இருந்தாலும் பரவாயில்லை, அவளுடையதாக இருக்க வேண்டும். படகோட்டுகிறவர் அந்தக் குழாயைத் தொடக்கூடாது, எங்கே எப்படி எடுப்பது என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. மறுபடியும் ஏதாவது நடந்தால் இரண்டு பேருடைய கதையும் முடிந்தது என்று ரோஸ்மேரி மேடம் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார்.

தருமன் முகத்துவாரத்துப் பாடு வைத்திருந்த ஊருக்குப் போய் நின்று, வலை இல்லாமல் படகு மட்டும் வர அனுமதி வாங்கி வந்தான். சனிக்கிழமை ஷாலினியை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனான். தவறி வாய் திறந்தால் தொடையில் கிள்ளச் சொல்லியிருந்தான்.

அங்கே போய்ப் படகை நிறுத்திக் கோலை ஊன்றிவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஷாலினி குனிந்து, மேலாகக் கிடந்த தண்ணீரைப் பாட்டிலில் மொண்டாள். அதற்கு முந்தின ராத்திரி மழை பெய்திருந்தது. மழைத்தண்ணீர் மேலே மிதக்கும், உப்புத் தண்ணீர் அடியில் கிடக்கும். இது எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்குத் தெரியும். அவள் குழாயைக் கண்ணில் வைத்துப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். முகம் வாடியது.

"அங்கிள், ரொம்பக் கம்மியா காட்டுது. நான் ஏதாவது தப்பா பண்றேனா?"

தருமனின் வாய் திறந்தது. கை பாட்டில் பக்கம் ஒரு சாண் போனது. பிறகு திரும்பி மடிக்கே வந்தது. தூரத்தில் அலை உடைகிற பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றான்.

அவள் தானாக ஏதோ யோசித்து, பாட்டிலில் கயிறு கட்டி ஆழத்தில் இறக்கினாள். நன்றாகத்தான் அளந்தாள். அந்தக் கட்டுரையைப் பள்ளிக்கூடம் பிறகு ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்த நிமிஷத்தில் அவளுக்கு அது தோன்றுமா தோன்றாதா என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. தருமன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. ஏரியில் யார் எதைக் கேட்டாலும், காற்றோ ஆழமோ, விரோதியே கேட்டாலும், தெரிந்ததைத் தெரியாதென்று சொல்லாத ஆள். அவன் கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. அதை அந்தப் பெண் பார்த்துவிடாமல் இருக்க நான் இடம் மாறி நடுவில் உட்கார்ந்துகொண்டேன்.