டாங்கில் மிச்சமிருந்த எண்ணெய்

முதலில் இதை வாசிக்கிறவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது. எங்கே ல, எங்கே ள என்று இன்றைக்கும் தடுமாறுவேன். அதோடு வலது கையில் இரண்டு விரல்களில் துணி சுற்றியிருக்கிறது, பேனா சரியாக நிற்கவில்லை. நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் தம்பியிடம் ஒரு ரிமோட் கார் இருந்தது. முழங்கை நீளம், உள்ளே உண்மையான சின்ன எஞ்சின். அவன் தோட்டத்துத் தொரை பங்களாவில் வேலை செய்தபோது, மாற்றலாகிப் போன சின்னதொரை, இனி இது ஸ்டார்ட் ஆகாது என்று கொடுத்துவிட்டுப் போன வண்டி. தம்பி ஒரு மாதம் கழற்றிப் பூட்டி அதை ஓட வைத்தான். நைட்ரோ என்ற ரோஸ் நிற எண்ணெயில் ஓடும். கயிற்றை இழுத்தால் முதலில் இருமும், பிறகு அலறும். ரப்பர் மலை முழுக்கக் கேட்கும். நீலப் புகையோடு ஆமணக்கெண்ணெய் கருகின வாடை வரும். ரப்பர் பால் ஸ்டோர் முற்றத்தில் அதைத் துரத்தித் துரத்தியே ஒரு நாய் இளைத்துப்போனது.

எண்ணெய் வாங்க மாவனல்லையில் ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்குப் போவோம். கடைக்கார நானா விற்பதெல்லாம் பெட்டரி வண்டிகள். எண்ணெயைத் தம்பிக்காக மட்டும் கொழும்பிலிருந்து எடுத்துக் கொடுப்பார்.

“தம்பி, ஒங்கட வண்டி ஓடுற நேரத்த விட நீங்க கயிறு இழுக்குற நேரம்தான் கூட. பெட்டரி வண்டியப் பாருங்க, சுவிச்சப் போட்டாப் போதும்.”

“போதும்தான் நானா. ஆனா வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அது வண்டியா, பேயா?”

“பேய் எண்ணெ கேட்டு மாவனல்லைக்கு வராதே!”

“எஞ்சினுக்கு உசிரு இருக்கு நானா. அதான் அதுக்குக் கோவமெல்லாம் வருது.”

நானா என் பக்கம் திரும்புவார். “இவர் ஒங்கட அண்ணன்தானே? வாய்க்குப் பெட்டரி போடல்லையா?”

நான் தரையைப் பார்ப்பேன்.

ஓட்டி முடித்தால் தம்பி டாங்கில் ஒரு சொட்டும் விடமாட்டான். எண்ணெய் தீரப்போகும்போது எஞ்சினின் குரல் மேலே ஏறும், பிறகு பட்டென்று அடங்கும். அதன்பின் இரண்டு சொட்டு வேறு எண்ணெய் விட்டு, பழைய சாரத் துணியில் சுற்றி வைப்பான்.

“நைட்ரோவ உள்ள விட்டு வச்சா நம்ம ஊரு ஈரத்த இழுத்துக்கும் அண்ணே. துருப்பிடிச்சு இறுகிரும்.”

போன ஐப்பசி மழையில் ஒரு நாள் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே அவனுக்கு நடுக்கம் வந்தது. பாதியில் நிறுத்திவிட்டு வந்து படுத்தான். எலிக்காய்ச்சல். ஆஸ்பத்திரியில் நாலாம் நாள் அவன் கண் மஞ்சளாக இருந்தது.

“அண்ணே, டாங்குல பாதி கெடக்கு. ஓட்டித் தீத்துட்டு ரெண்டு சொட்டு எண்ணெ விட்டு வைங்க.”

“நீயே வந்து ஓட்டு.”

“நான் வர நாளாகும்ணே. நீங்க தீத்துருங்க.”

மறுநாள் காலையில் இறந்துபோனான்.

செத்த வீட்டில் அந்த அலறலை எப்படிக் கிளப்புவது? ஊர் என்ன சொல்லும்? மலைக்குத் தூக்கிப் போயிருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்றே பதினாறு நாளும் போனது.

பதினாறாம் நாள் படையலில் அவனுக்குப் பிடித்ததெல்லாம் வைத்தோம். ஆட்டிறைச்சிக் கறி, வெற்றிலை, ஒரு டம்ளர் சாராயம். தம்பியின் சம்சாரம் காரையும் கொண்டுவந்து வைத்தாள்.

“டாங்கு நெறையாம வச்சா அவருக்கு மனசு ஆறாது மச்சான்,” என்று ரோஸ் எண்ணெயை விளிம்பு வரை ஊற்றினாள். பக்கத்தில் டம்ளரும் அப்படித்தான் நிறைந்திருந்தது.

அது தப்பு என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். வாயைத் திறந்தேன். சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரேயடியாகத் திரும்பிப் பார்த்தார்கள். மூடிக்கொண்டு பின்னால் போய் நின்றேன்.

படைத்ததை எடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. அவன் படத்துக்குக் கீழே, நிறைந்த டாங்கோடு, இரண்டு மாத மழையிலும் கார் அங்கேயே இருந்தது.

பிறகுதான் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. மத்தியானம் ரப்பர் பால் எடுத்துக்கொண்டு இறங்கும்போது, ஓடைக்கு அப்பால் ஒரு இருமல், பிறகு அலறல். புல் வெட்டுகிற மெசின் என்று நினைத்தேன். யாரும் வேலை செய்யாத பௌர்ணமிப் போயா நாளிலும் கேட்டது. குரல் மேலே ஏறும், அந்த உச்சத்திலேயே அறுந்துவிடும். தீர்ந்து அடங்குகிற சத்தம் மட்டும் ஒருநாளும் வரவில்லை.

தைப்பொங்கல் கழிந்து, தம்பி ஓட்டித் தீர்க்கச் சொன்ன உண்மையை அவளிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. “கடைக்குக் கொண்டு போங்க மச்சான்,” என்றாள்.

நானா கயிற்றை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. டாங்கில் இருந்ததை ஒரு போத்தலில் வடித்து என்னிடம் தந்துவிட்டு, எஞ்சினைச் சூடாக்கினார், கழற்றினார். உள்ளே செம்மண் பூசியது போலத் துரு. அன்றைக்கு அவர் பகிடி விடவில்லை.

“மனச விடாதீங்க. இதே வண்டிக்கு மோட்டரும் பெட்டரியும் போட்டுத் தாரேன். ஓடும்.”

ஓடியது. பழைய வேகத்தைவிடக் கூட. ஸ்டோர் முற்றத்தில் படுத்திருந்த நாய் தலையைத் தூக்கவில்லை. கார் அதைச் சுற்றி வந்து என் காலடியில் நின்றது. ஸ்டோர் வாசலில் நின்ற தம்பி சம்சாரம் கேட்டாள்:

“ஓடுதா மச்சான்?”

அவள் கண்ணுக்கு முன்னால்தான், சத்தமே இல்லாமல் ஓடியது. “ஓடுது,” என்று சுவிச்சை அணைத்தேன். அன்று மத்தியானமும் ஓடைக்கு அப்பால் சத்தம் கேட்டது.

இன்று உச்சி வெயிலில் அந்தப் போத்தலை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் பின்னால் போனேன். ரப்பர் பால் பிடிக்கிற ஒரு சிரட்டையில் ஊற்றித் தீக்குச்சி வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. புகையுமில்லை. எண்ணெய் கெட்டுவிட்டது, இதையும் தீர்க்க முடியாமல் போனதே என்று இரண்டு விரலை நீட்டினேன். சுட்டது. வெயிலில் அந்த நெருப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. அது எரிந்துகொண்டுதான் இருந்தது.

கையை உதறிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். பழைய வாடை மெல்ல எழும்பியது. எங்கிருந்தோ நாய் ஓடி வந்து, தூரத்தில் நின்று சிரட்டையைப் பார்த்துக் குரைத்தது.

அதில் கலந்திருந்த ஆமணக்கெண்ணெய் மட்டும் அடியில் கொஞ்சம் மிஞ்சியது. நானா திருப்பித் தந்த செத்த எஞ்சினில் அதிலிருந்து இரண்டு சொட்டு விட்டேன். சாரத் துணியில் சுற்றிப் படத்துக்குக் கீழே வைத்தேன். ஓட்டித் தீர்க்கச் சொன்னான், எரித்துத்தான் தீர்த்தேன். இதை எழுதி முடிக்கும்வரை சத்தம் கேட்கவில்லை. நாளை மத்தியானம் எப்படியோ தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை, பெப்ரவரி 11.